சாமியாகிவிட்ட சக்களத்தி

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம். தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். ஒன்றுமே முடியாவிட்டாலும், அவள் வைத்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஒச்சம்மாளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவளுக்கு வாய்த்தவள் செத்துப்போனவள். செத்ததோடு விட்டாளா என்றால், அந்த வீட்டுக்குச் சாமியாகவும் ஆகிவிட்டாள். சாமியோடு யார் போய் மல்லுக்கு நிற்பது?

ஐம்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஒச்சம்மாள் சோலைமலைக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. செம்பட்டிக்குத் தெற்கே இரண்டு மைல் நடந்தால் சோலைமலையின் ஊர். மூன்று குழி நிலத்தில் கத்தரி, ஒன்றரை ஏக்கர் வெங்காயம், ஒரு கமலைக் கிணறு, இரண்டு மாடு, ஒரு தாயார். அதற்குமேல் சொத்து என்று சொல்ல ஏதுமில்லை. மூத்தவள் சொர்ணலட்சுமி எரியோடு என்கிற ஊர்ப் பெண். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். கழுத்தில் தாலியோடும் தலையில் பூவோடும் போனவள். அந்தக் குடும்பத்து வழக்கத்தில் அப்படிப் போகிற பெண் வீட்டுச் சாமி.

உள்வீட்டு மூலையில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அதற்குள் சேலை, வளையல், சீப்பு, மஞ்சள் கிழங்கு. பொங்கல் கழிந்த மறுநாள் சோலைமலை சின்னாளபட்டிக்குப் போய்ப் புதுச் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்து வருவான். அதைப் பெட்டியில் வைத்து விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். போன வருஷத்துச் சேலையை எடுத்து இளையவள் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் முழுக்க மூத்தவள் கட்டியிருந்து அவிழ்த்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். நன்றாக இருக்கிறதா நியாயம்? கட்டிய புருஷன் தானாகப் போய்ப் பார்த்துப் பார்த்து எடுக்கிற ஒரே சேலை, அதுவும் செத்தவளுக்கு. ஒச்சம்மாளுக்கு வேண்டிய கண்டாங்கி எல்லாம் மாமியார் மூக்காயி சந்தையில் எடுத்துவந்து போடுவாள்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுச் சாமியை யாரும் ஒரு சொல் குறைத்துச் சொல்லக் கூடாது. சொன்னால் மாட்டுக்கு மடி வற்றும், பிள்ளைக்குக் காய்ச்சல் காணும். ஆகவே மூக்காயி வாயைத் திறந்தால் ஒரே புகழ்ச்சிதான். "அவ மகராசி. தங்கச் செல. நடந்தா தரைக்கு வலிக்குமேனு நடப்பா. அதிர்ந்து ஒரு சொல்லு கெடையாது. அவ கை பட்டாத் தண்ணியும் மணக்கும்." பக்கத்து வீட்டுக்காரிகளும் அதையேதான் பாடினார்கள். அது சாமிக்குச் சொல்கிற தோத்திரம் என்பது பாடியவர்களுக்குத் தெரியும். வேற்றூரிலிருந்து வந்த ஒச்சம்மாள் பாவம், அத்தனையும் அந்தப் பெண்ணைப் பற்றிய நிஜம் என்று எடுத்துக்கொண்டாள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சொர்ணலட்சுமி இறந்தபிறகு அவள் விலை ஏறிக்கொண்டே போனது.

போட்டோ ஒன்று இருந்திருந்தால் இத்தனை வினை இல்லை. போட்டோ எடுக்கத் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும்; ஐந்து மாதத்தில் அதற்கு யாருக்கும் தோன்றவில்லை. முகம் தெரியாத குறையை ஒச்சம்மாள் தானே நிரப்பிக்கொண்டாள். எலுமிச்சம்பழ நிறம், இடுப்புக்குக் கீழே முடி, சிறிய வாய், சிரித்தால் பல் தெரியாத அடக்கம். ஒச்சம்மாளோ கறுப்பு. வாய் கொஞ்சம் அகலம். இருக்கட்டும் என்று விட்டுத் தொலைத்திருக்கலாம், விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த உருவத்துக்கு இன்னும் ஒரு நகை, இன்னும் ஒரு குணம் என்று போட்டுப் போட்டு, நாலாவது வருஷத்தில் சொர்ணலட்சுமி அடுப்படியில் தன் பக்கத்தில் நின்று வேவு பார்ப்பது போலவே அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

புருஷன் மனசும் அவளுக்கு மனப்பாடம். அதாவது, மனப்பாடம் என்று அவள் நினைப்பு. சோலைமலை அதிகம் பேசாதவன். சாப்பிடும்போது நடுவில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பான். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியிருக்கும் என்று அவன் யோசித்துக்கொண்டிருப்பான். ஒச்சம்மாளுக்கோ வயிறு எரியும். 'அவள் இருந்திருந்தால் கேட்காமலே ரசம் ஊற்றியிருப்பாள் என்று நினைக்கிறான்.' ஒருநாள் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு முழுக்க அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவன் பெருமூச்சு விட்டால் அது சொர்ணலட்சுமிக்கு. வானத்தைப் பார்த்தால் அதுவும் சொர்ணலட்சுமிக்கு. மழைக்காக, வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வானத்தைப் பார்ப்பான் என்கிற புத்தி கூடவா இல்லாமல் போகும்? பொறாமை வந்த இடத்தில் புத்திக்கு ஏது இடம்.

வெறுமனே எரிந்துகொண்டிருந்தாளா என்றால் அதுவும் இல்லை. அவளை ஜெயித்துக் காட்ட வேண்டுமென்று கிளம்பினாள். நடையை மெதுவாக்கினாள். குரலைத் தணித்தாள். முக்கியமாக, சிரிப்பை விட்டாள். நிலக்கோட்டைப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் அவள் சிரிப்பு பேர்போனது. சின்ன விஷயத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தெருக்கோடி வரைக்கும் கேட்கச் சிரிப்பாள். பல் தெரியாமல் சிரித்தவள் இருந்த வீட்டில் இது எடுபடுமா? முதல் மாதத்திலேயே பூட்டி வைத்துவிட்டாள். பூட்டினது பூட்டினதுதான், இரண்டு பிள்ளை பெற்றும் திறக்கவில்லை.

மூத்தது பெண். வீட்டுச் சாமி பேரைத்தான் வைக்க வேண்டும் என்று மூக்காயி ஒற்றைக் காலில் நின்று சொர்ணலட்சுமி என்றே வைத்துவிட்டாள். ஒச்சம்மாள் தன் வயிற்றில் பிறந்த பிள்ளையை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள", "ஏ கழுத", "இங்கிட்டு வாடி" இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன அன்றைக்கு வாத்தியார் பேர் கேட்டபோது, "அவளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

இத்தனை எரிச்சலிலும் அவளுக்கென்று ஒரே ஒரு சொத்து இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின மழைக்காலத்தில் செம்பட்டிச் சந்தையில் நடந்தது. அவள் தாயோடு கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு நெட்டை ஆள் தலையில் வெங்காயக் கூடையோடு வந்து, சேற்றில் வழுக்கி, மல்லாக்க விழுந்தான். கூடை உருண்டது, வெங்காயம் எட்டுத் திசைக்கும் ஓடியது. ஒச்சம்மாள் சிரித்தாள் பாருங்கள், சந்தையே திரும்பிப் பார்த்தது. தாய் முதுகில் ஒன்று வைத்தும் நிற்கவில்லை. விழுந்தவன் எழுந்து, சேற்றைத் துடைக்காமல், கோபப்படாமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்து நாளில் பெண் கேட்டு ஆள் வந்தது. ஆள் அனுப்பிய அந்த நெட்டையன்தான் சோலைமலை.

'என்னை யாரும் அவன் தலையில் கட்டவில்லை. அவனாகப் பார்த்து, அவனாகக் கேட்டான்.' சொர்ணலட்சுமியைப் பெரியவர்கள் பேசி முடித்திருப்பார்கள். தன்னை மட்டும் அவனே தேடி வந்தான். மனசு ரொம்பக் கொதிக்கிற நாளில் அந்தச் சேற்றையும் அந்தப் பார்வையையும் நினைத்துப் பார்த்துத் தூங்கிப்போவாள். பன்னிரண்டு வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டினாள்.

அறுபத்து நாலில் எரியோட்டிலிருந்து கல்யாணச் சேதி வந்தது. சொர்ணலட்சுமியின் கடைசித் தம்பிக்குக் கல்யாணம். சோலைமலை போகிற நிலையில் இல்லை. பாரவண்டிச் சக்கரம் காலில் ஏறி, வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். மூத்தவளின் தாய்வீட்டுக்கு இளையவளும் மகள்தான் என்பது முறை. அந்த முறையைச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டும் ஒச்சம்மாள் தலைவலி, பேறுகாலம், களையெடுப்பு என்று தட்டிக்கழித்தே வந்திருந்தாள். இந்தத் தடவை மூக்காயி விடவில்லை.

"யாராச்சும் ஒரு ஆளு போயி நிக்கணும்ல. நீ போயிட்டு வா தாயி. அவுக ரொம்ப நல்ல மனுசரு."

சரி, அந்தத் தங்கச் சிலை பிறந்த லட்சணத்தையும்தான் பார்த்துவிடுவோமே என்று ஒச்சம்மாள் கிளம்பினாள். செம்பட்டியில் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கி, அங்கிருந்து எரியோட்டுப் பஸ். தாம்பாளத்தில் வைக்க வேட்டியும் சேலையும் தேங்காய் பழமும் மடியில் இருந்தன. வழியெல்லாம் அவள் யோசித்தது ஒன்றுதான். அந்த வீட்டில் தன்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் மனசுக்குள் 'எங்கே அவள், எங்கே இவள்' என்று அளப்பார்கள்.

யாரும் அளக்கவில்லை. தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிந்தபிறகு, சொர்ணலட்சுமியின் தாய் சிவனம்மாள் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள். வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்தாள். பொக்கை வாய்க் கிழவி, நல்ல கலகலப்பு. மகள் அங்கே சாமியாக இருக்கலாம். கிழவிக்கு அவள் மகள், அவ்வளவுதான். ஒச்சம்மாளுக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பசி. மெல்லக் கேட்டாள்.

"அக்கா எப்பிடி இருப்பாக ஆத்தா? நல்ல செவப்புன்னு சொன்னாக."

சிவனம்மாளுக்குப் புரையேறிவிட்டது. "செவப்பா? எவ சொன்னா? என்னையப் பாரு, அவுக அப்பனைப் பாரு. கரிச்சட்டி மாதிரில்ல இருப்பா. முன்பல்லு ரெண்டும் வாய்க்கு வெளியதான் நிக்கும். சோளத்தட்டைய அதாலயே உரிப்பா."

ஒச்சம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. "கொழம்பு நல்லா வைப்பாகளாமே" என்றாள்.

"வெந்நி வைப்பா. அதையும் அடிப்பிடிக்க விட்டுருவா." சிவனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்ததிலா அழுததிலா என்று தெரியவில்லை. "எம்மக கிட்ட இருந்ததெல்லாம் சிரிப்பு ஒண்ணுதான் தாயி. அவ சிரிச்சா மூணு தெருவுக்குக் கேக்கும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஓம் புருசன் நெடு நெடுன்னு வந்தாரா, வாசல் நெலையில நெத்திய முட்டிக்கிட்டாரு. மடார்னு ஒரு சத்தம். இவ உள்ள இருந்து சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. அவுக அப்பன் அடிக்கக் கையை ஓங்கிட்டாரு. சம்பந்தம் போச்சுன்னு நான் தலையில கைய வச்சு ஒக்காந்துட்டேன். மாப்ள என்ன செஞ்சாருங்கற? கோவப்படாம வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. வெளிய போயி அவுக ஆத்தாகிட்ட, கட்டுனா இந்தச் சிரிப்புக்காரியத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டாராம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஒச்சம்மாள் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்தபடியே இருந்தாள். கோவப்படாமல் நின்று பார்த்தானாம். அதே நிற்றல், அதே பார்வை. அவள் செத்த ஆறு மாதத்தில் ஒருத்தன் சந்தையில் விழுகிறான். தலைக்கு மேலே அதே சிரிப்பு கேட்கிறது. பத்து நாளில் ஆள் அனுப்புகிறான். அவன் தேடி வந்தது யாரை?

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் மனசு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தங்கச் சிலையாக இருந்தபோதாவது சொர்ணலட்சுமி தூரத்தில் இருந்தாள். இப்போது கறுப்பாக, முன்பல் துருத்தியவளாக, அடிப்பிடிக்கச் சமைக்கிறவளாக வந்து பக்கத்து ஸீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். இருந்த ஒரே சொத்தையும் பிடுங்கிக்கொண்டாள். அதிலும் ஒரு கொடுமை பாருங்கள்: அவளை ஜெயிக்க வேண்டுமென்று ஒச்சம்மாள் தன்னிடமிருந்து வெட்டி எறிந்தது எதுவோ, அதுதான் அவளிடம் இருந்த ஒரே அழகு. வேடசந்தூர்ச் சாலைப் புழுதி முகத்தில் அடித்தது. அவள் முந்தானையை இழுத்து மூடக்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் சோலைமலை வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, விதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒச்சம்மாள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். சந்தையில நான் சிரிச்சது அவ சிரிச்ச மாதிரி இருந்துச்சுன்னுதான் என்னையப் பொண்ணு கேட்டீங்களா?"

சோலைமலைக்குப் பொய் வராது. அது அவனுக்கு ஒரு வியாதி மாதிரி. இரண்டு வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டான். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆமா" என்றான்.

"பெறகு என்னத்துக்கு என்னையக் கட்டுனீங்க? கெணத்துல போயி விழுந்திருக்கலாம்ல அவளை நெனச்சுக்கிட்டு. வருசா வருசம் தேடித் தேடிச் சேல வேற."

"தேடியெல்லாம் எடுக்கல. கடையில மேல எது கெடந்துச்சோ அதை எடுத்தாருவேன்."

"அவ மூஞ்சி எப்பிடி இருக்கும்? சொல்லுங்க. அதையாச்சும் சொல்லுங்க."

அவன் கண்ணைச் சுருக்கி யோசித்தான். உண்மையாகவே முயற்சி செய்தான்; அது தெரிந்தது. கடைசியில் தலையை ஆட்டினான். "வரமாட்டேங்குது புள்ள. அஞ்சு மாசந்தான இருந்தா. ரெண்டு பல்லு ஞாபகம் இருக்கு. அந்தச் சத்தம் ஞாபகம் இருந்துச்சு. சந்தையில விழுந்து கெடந்தப்ப திரும்பக் கேட்டுச்சா, எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. அதான் ஆளு அனுப்புனேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் பல்லைக் கடித்தபடி.

"நீ வந்த. வந்த நாள்லருந்து சிரிக்கவே இல்ல. ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்துட்டாகன்னு ஒனக்கு மனசு விட்டுப்போச்சு, என்னையப் பிடிக்கலன்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வந்து கேப்பேன்? ரெண்டு வருசம் காத்துப் பாத்தேன். பெறகு அந்தச் சத்தமும் மறந்துபோச்சு." கையிலிருந்த வெங்காயத்தை உருட்டினான். "அப்புறம் வீட்ல யாரு இருந்தா? உர்ருன்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு, என் வட்டில்ல எம்புட்டு மிச்சம் வக்கிறேன்னு பாத்துக்கிட்டு, பெத்த புள்ளையப் பேரு சொல்லாம வஞ்சுக்கிட்டு ஒருத்தி இருந்தா. எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில கைய வச்சுட்டு வெடுக்குனு எடுத்துக்குவா. எனக்கு அவளத்தான் தெரியும். நான் பொழைக்கிறது அவ கூடத்தான். வீட்டுக்கு வரும்போது அந்த உர்ருங்கற மூஞ்சி வாசல்ல இல்லேன்னா எனக்குச் சோறு எறங்காது."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் மொத்தமாகப் பேசியதே அவ்வளவு இருக்காது. ஒச்சம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷம்தான். இந்த மனுஷனின் மனசைத் தான் வரி வரியாகப் படித்து வைத்திருந்ததாக நினைத்தாளே, அதில் ஒரு வரிகூட அவன் எழுதியது இல்லை. அத்தனையும் இவளே எழுதி இவளே படித்து இவளே அழுதது. அவனும் தன் பங்குக்கு, பிடிக்காத புருஷனோடு காலம் தள்ளுகிற ஒருத்தியை மனசில் உண்டாக்கி, அவளுக்குத் தொந்தரவு தரக்கூடாதென்று ஒதுங்கியே நடந்திருக்கிறான். ஒரே கூரைக்குக் கீழே எத்தனை பேர்தான் குடியிருந்தார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வாசல் நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிற நெட்டைக் கொக்கு அவள் கண்முன் வந்தது. வயிற்றுக்குள் எங்கோ பழைய இடத்தில் குபுக்கென்று சிரிப்பு கிளம்பிவிட்டது. அந்த நேரத்திலும் மனசு கேட்டதா? கேட்கவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு அவள் கேட்டாள்:

"இப்ப நான் சிரிச்சா, ஒங்களுக்கு யாரு சிரிக்கிற மாதிரி இருக்கும்?"

சோலைமலை யோசித்தான். பொய் வராத சண்டாளன். ஒரு பொய் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்?

"மொதல்ல கொஞ்ச நேரம் அவ மாதிரி இருக்கும்" என்றான். "அப்புறம் நீயாயிருவ."

அந்தக் கொஞ்ச நேரத்தையும் சொர்ணலட்சுமிக்குக் கொடுக்க ஒச்சம்மாளுக்கு மனசில்லை. உதட்டுக்கு வந்துவிட்ட சிரிப்பை முந்தானையால் பொத்தி, கண்ணில் தண்ணீர் முட்டப் பல்லைக் கடித்து, அப்படியே விழுங்கினாள்.